ஆம்பூரிலிருந்து அண்ணாமலைக்கு

பௌர்ணமியன்று மாலை ஆறு மணி சுமாருக்கு ஆம்பூர் பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் போதும். யாரும் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும். ஷூ கம்பெனிகளில் வேலை முடிந்து வரும் பெண்களில் ஒரு பகுதியினர் அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தேடுவதில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன பைக்குள்ளேயே மாற்றுப் புடைவை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். கர்ப்பூரப் பொட்டலமும், அகல் விளக்கும், ஒரு பாட்டில் தண்ணீரும் அதோடு சேர்ந்திருக்கும்.

"வேலூர் போய் மாறிக்கலாமா அக்கா, இல்லே திருப்பத்தூர் போய் செங்கம் வழியாப் போயிடலாமா?" என்று இளையவள் ஒருத்தி கேட்பாள்.

"எதுல உட்கார இடம் கிடைக்குதோ அதுல ஏறு. ராத்திரி பூரா நடக்கணும்" என்று மூத்தவள் பதில் சொல்லுவாள்.

எந்த வழியில் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். திருவண்ணாமலை. அங்கே மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர், பழைய கணக்கில் சொன்னால் ஒன்பது மைலுக்குச் சற்றுக் குறைவு, வெறுங்காலோடு நடந்துவிட்டுப் பொழுது விடியும் நேரத்துக்கு மறுபடியும் பஸ் ஏற வேண்டும். காலையில் வேலைக்குப் போயாக வேண்டுமே!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாகப் போகும் சாலை. ஆம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு வேலூர் வந்து சேரவே இன்னொரு 50 கிலோ மீட்டர் ஆகிவிடும். ரெயிலும் இருக்கிறது. காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாகி விட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரையில் வந்துகொண்டிருந்த வண்டியை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அந்த வண்டி வேலூரைத் தாண்டிப் புறப்படும்போது பௌர்ணமி தினங்களில் உட்கார இடம் கிடைப்பது அவரவர் பூர்வஜன்ம புண்ணியம்.

இந்தப் பகுதி ஜனங்களுக்குத் திருவண்ணாமலை வெளியூர் அல்ல. 1989 வரையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு என்ற ஒரே ஜில்லாவில் இருந்தவை. வேலூர்தான் எல்லோருக்கும் தலைநகர். பிறகு திருவண்ணாமலை தனியே பிரிந்தது. 2019-இல் மிச்சமிருந்ததும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சர்க்கார் கோடு கிழித்துப் பிரித்தாலும் பௌர்ணமி பஸ் அந்தக் கோடுகளைப் பொருட்படுத்துவதில்லை.

பாதரட்சை செய்கிற ஊர்

பாலாற்றங்கரையை ஒட்டி வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையில் தோல்தான் பிழைப்பு. முஸ்லிம் வர்த்தகர்கள் பெருமளவில் முன்னின்று வளர்த்த தொழில் இது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் போக்கிய தோலை வாரக்கணக்கில் பதம் செய்வார்கள். அப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. பிறகு குரோமியம் உப்பைக் கொண்டு சுழலும் மர டிரம்களில் இரண்டொரு நாளில் வேலையை முடிக்கும் முறை பரவியது. 1970-களில் பச்சைத் தோலையும் அரைப் பதத்தில் உள்ள தோலையும் ஏற்றுமதி செய்வதற்குச் சர்க்கார் தடைகளும் கட்டுப்பாடுகளும் கொண்டு வந்தபோது, இங்கேயே ஷூவாகச் செய்து அனுப்பினால் என்ன என்ற யோசனை வலுத்தது. அன்று தொடங்கியதுதான் இன்றைய ஷூ கம்பெனிகளின் பெருக்கம்.

டேனரியில் ஈரத் தோலோடு போராடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஷூவின் மேல்பகுதியை வெட்டி, ஓரம் சீவி, ஒட்டி, மெஷினில் தைப்பவர்களில் மிகுதி பெண்கள். 'அப்பர்' என்றே அந்த மேல்பகுதியை எல்லோரும் சொல்லுகிறார்கள். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வேன் வந்து இவர்களை அள்ளிக்கொண்டு போகும். 38, 40, 42 என்று நம்பர் போட்ட அப்பர்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ யாரோ ஒருவருடைய கால் அந்த நம்பர். அந்தக் காலுக்கு எங்கே இடிக்கும், எங்கே கொப்புளம் போடும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். தையல் ஒரு நூல் உள்ளே போனால் ஷூ திரும்பி வந்துவிடும்!

மாதம் முழுவதும் பிறர் காலுக்குப் பாதரட்சை செய்கிறவர்கள், மாதத்தில் ஒரு ராத்திரி தங்கள் காலில் இருப்பதையும் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறார்கள்.

மலையே சுவாமி

கிரிப் பிரதட்சிணம் எல்லா மலைக்கோயில்களிலும் உண்டு. பழனியில் உண்டு, திருப்பரங்குன்றத்தில் உண்டு. ஆனால் அங்கெல்லாம் மலைமேல் அல்லது மலையடியில் கோயில் கொண்ட மூர்த்திக்காக மலையைச் சுற்றுகிறோம். திருவண்ணாமலையில் கணக்கு வேறு. மலையே லிங்கம் என்பது இந்த ஸ்தலத்தின் ஐதிகம். பஞ்சபூத ஸ்தலங்களில் இது அக்கினி. பிரமனும் விஷ்ணுவும் அடியும் முடியும் தேடித் தோற்ற ஜோதி குளிர்ந்து கல்லாகி நின்றதாகப் புராணம். மலையின் உயரம் ஏறக்குறைய 2,670 அடி. கீழ்த்திசை ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. எட்டத்தில் நின்று பார்க்கும்போது அந்தக் கோபுரமும் மலைக்கு முன்னால் வைத்த குத்துவிளக்கு மாதிரிதான் தெரிகிறது.

ஆகவேதான் இங்கே மலையின்மேல் ஏறுவதைவிட மலையைச் சுற்றுவதே பெரிதாகக் கருதப்படுகிறது. சுவாமியே வருஷத்தில் இரண்டு முறை மலை வலம் வருகிறார். கார்த்திகை தீபம் முடிந்தபின் ஒரு தடவை. தை மாதத்தில் மாட்டுப் பொங்கலன்று அம்மனோடு ஊடல் கொண்டு, மறுநாள் தனியாகக் கிளம்பிப் போய் இன்னொரு தடவை. திருவூடல் உற்சவம் என்று அதற்குப் பெயர். குடும்பச் சண்டையில் கோபித்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வருவது நம் வீட்டு ஆண்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்பது இதனால் தெரிகிறது!

பௌர்ணமியில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்வது பழைய வழக்கம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மலை வலம் பழையது. மாதந்தோறும் இத்தனை பெரிய கூட்டம் என்பது 1990-களுக்குப் பிறகு பெருகியதுதான். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக வந்து சேர்ந்த ரமண மகரிஷி 1926 வரையில் அடியார்களோடு மலை சுற்றி வந்தார். அப்போதெல்லாம் வழியில் ஆள் நடமாட்டமே அபூர்வம். ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் அவர்களுக்கு இருந்ததில்லை. மண்டபத்தில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மறுநாள் வந்து சேர்வதும் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பது போல மெல்ல நடக்க வேண்டும் என்பது அவர் சொன்ன இலக்கணம். மகரிஷி காலில் செருப்பு அணிந்ததே இல்லை.

இன்றைய நடை ராணி நடையாக இருக்க முடியவில்லை. பௌர்ணமியன்று வெளியூர் பஸ்களை ஊருக்குள்ளே விடுவதில்லை. நகருக்கு வெளியே அந்தந்தச் சாலையில் தற்காலிக பஸ் நிலையம் போடுகிறார்கள். அங்கிருந்து பிரதட்சிணப் பாதையைப் பிடிப்பதற்கே ஒன்றிரண்டு மைல் ஆகிவிடுவதுண்டு. அந்த நடைக்குப் புண்ணியக் கணக்கு உண்டா என்று தெரியாமல் பலர் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். செருப்பை எங்கே விடுவது என்பது அடுத்த கவலை. கோபுர வாசலில் விட்டால் திரும்பி வரும்போது இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் பஸ்ஸிலேயே கழற்றிப் பழைய துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு விடுகிறார்கள். தோல் தொழில் செய்கிற ஊரிலிருந்து வருகிறவர்கள் செருப்பின் விலை அறிந்தவர்கள், அனாவசியமாக இழக்கமாட்டார்கள்.

எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம்

பாதை நெடுக எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். கிழக்கே தேரடி வீதிக்கு அருகில் இந்திர லிங்கம். தென்கிழக்கில் அக்கினி லிங்கம். செங்கம் சாலையில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமமும் ரமணாசிரமமும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு யம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம். கடைசியில் வடகிழக்கே ஈசான்ய லிங்கம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு உரியது என்பது பெரியவர்கள் சொல்லும் முறை. பௌர்ணமிக் கூட்டத்தில் சித்தர்கள் எங்கே ஒதுங்குவார்களோ!

சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தைக் கடக்கும்போது வேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஒரு நிமிஷம் நின்று கும்பிடுவதில் பொருத்தம் உண்டு. திருப்புகழைப் பாடிப் பரப்பிய வள்ளிமலைச் சுவாமிகள் (1870–1950) திருவண்ணாமலையில் இருந்தபோது, திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ என்று சேஷாத்திரி சுவாமிகள்தாம் அனுப்பி வைத்தார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. வள்ளிமலை காட்பாடிக்கு வடக்கே இருக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்பது ஐதிகம். அந்த மலையிலேயே சமணர் குகையும் சிற்பங்களும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கங்க மன்னனின் சாசனமும் இருக்கின்றன. மாசி மாதத்தில் அங்கே தேர் வீதியோடு நின்றுவிடுவதில்லை. மலையைச் சுற்றி நாலு நாள் ஓடி நிலைக்கு வருகிறது. இங்கே மனிதர்கள் ஒரு ராத்திரியில் சுற்றுவதை அங்கே தேர் நாலு நாளில் சுற்றுகிறது. போளூருக்கு மேற்கே பர்வதமலைக்கும் மார்கழி முதல் தேதியன்று பிரதட்சிணம் உண்டு. அது 20 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட நடை. மலையைச் சுற்றிலும் கிராமங்களும் காடும். திருவண்ணாமலைக்குப் போக முடியாதவர்கள் இவற்றுக்குப் போவதுண்டு. எனினும் பௌர்ணமி என்றால் அண்ணாமலை என்று மனசில் பதிந்துவிட்டது.

செங்கம் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பிய பிறகுதான் நடை உண்மையில் ஆரம்பமாகிறது. அதுவரை கடைகளும் வெளிச்சமும் கவனத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும். திரும்பிய பின் மரங்கள் அடர்கின்றன. மலையின் வடிவம் மாறத் தொடங்குகிறது. கிழக்கேயிருந்து ஒரே முகடாகத் தெரிந்தது, மேற்கே போகப் போக இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து தெரியும். தார்ச்சாலையில் பகல் வெயிலின் சூடு பத்து மணிக்கும் ஆறியிருக்காது. முதல் மூன்று கிலோ மீட்டர் காலுக்குச் சுகம். நாலாவதில் சிறு கல் ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆறாவதில் குதிகால் பேசும். தையல் மெஷினுக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்தோ நின்றோ இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இடுப்பிலிருந்து வலி ஆரம்பிக்கிறது.

"அத்தே, கொஞ்சம் உட்காரலாமா?"

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டே. ஆதி அண்ணாமலை வரட்டும்."

இப்படிப் பேசிக்கொண்டே நடக்கிற கூட்டம் ஆதி அண்ணாமலைக்கு வந்து சேர்கிறது. பெரிய கோயிலுக்கு நேர் பின்புறம், மலையின் மேற்குப் பக்கத்தில் உள்ள கிராமம். இங்கேயும் பழைய சிவாலயம் ஒன்று இருக்கிறது. அருகில் மாணிக்கவாசகருக்கும் கோயில் உண்டு. திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பெற்றது என்பது மரபு. நந்தி மலையைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. சுக்குக் காபியும் சுண்டலும் அமோகமாக விற்கும் இடமும் இதுதான். யாரோ ஒரு புண்ணியவான் தொன்னையில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருப்பார். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. கையை நீட்டினால் சாதம் விழுகிறது.

தோல் உள்ளே போயிற்று

யார், எந்த ஊர் என்று கேட்காமல் இருப்பது சாமானிய விஷயமா? தோல் தொழிலாளருக்கு அது சாமானியம் அல்ல.

பெரிய புராணத்தில் வரும் திருநாளைப் போவார் என்னும் நந்தனார் ஆதனூரில் பிறந்தவர். கோயில்களின் பேரிகைக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்ட வாரும், யாழுக்கு நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவருடைய திருத்தொண்டு. கொடுத்த தோல் சந்நிதிக்குப் போயிற்று, பேரிகையாக முழங்கிற்று, சுவாமி அதைக் கேட்டார். கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொல்லித்தான் அவருக்குத் தரிசனம் கிடைத்தது. மதில் விலகவில்லை.

மதில் விலக வெகு காலம் ஆயிற்று. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை அழைத்துச் சென்றார். பின்னாளில் மந்திரியான கக்கன் அந்தக் குழுவில் இருந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை மாகாணத்தில் எந்தக் கோயிலுக்குள்ளும் எந்த ஹிந்துவும் சட்டப்படி நுழையலாம் என்ற நிலை ஏற்பட்டது. டேனரித் தொட்டியில் இறங்கி வேலை செய்த பாட்டனார்களில் பலர் அந்த வருஷத்தைப் பார்த்தவர்கள்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூர் கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக உள்ளே விடப்படாதிருந்த தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல் முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30-ஆம் தேதிதான். அதிகாரிகள் முன்னின்றார்கள், போலீஸ் காவல் போடப்பட்டது. கையில் பொங்கல் பானையோடு அந்தப் பெண்கள் நடந்து போன தூரம் மலை வலத்தைப்போல ஒன்பது மைல் அல்ல. தங்கள் குடியிருப்பிலிருந்து கோயில் வாசல் வரையில்தான். அந்த நடைக்கு 1947-க்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால்தான் பௌர்ணமி இரவின் இந்தச் சாலை எப்படிப்பட்டது என்பது விளங்கும். இங்கே சுவாமி 2,670 அடி உயரத்தில் வெட்டவெளியில் நிற்கிறார். சுற்றிலும் மதில் இல்லை. கதவு இல்லை. சிறப்புத் தரிசன டிக்கெட் இல்லை. கோயிலுக்குள்ளே பல மணி நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கம்பெனிச் சொந்தக்காரரும் வெறுங்கால். அவரிடம் வாரக் கூலி வாங்குகிறவரும் வெறுங்கால். கூட்டத்தில் யாருக்கு எத்தனை நம்பர் ஷூ என்று யாரும் பார்ப்பதில்லை.

மலைமேல் கார்த்திகை தீபம் ஏற்றும் உரிமையும் மீனவ மரபைச் சேர்ந்த பர்வத ராஜ குலத்தாருக்கு உரியது. ஐந்தடிக்கு மேல் உயரமுள்ள கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத திரித்துணி எல்லாம் மேலே போய், அவர்கள் கையால் சுடர் கிளம்பும். அதன் பிறகு பதினோரு நாள் அந்த ஒளி சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் தெரியும்.

கடைசி மூன்று மைல்

வாயு லிங்கம் தாண்டிய பிறகு பேச்சுக் குறைந்துவிடுகிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கைப்பேசியை அணைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் தகப்பன் தோளில் தூங்கிவிடுகின்றன. குபேர லிங்கத்தில் மட்டும் திடீரென்று உற்சாகம் பிறக்கிறது. சுவரில் காசை ஒட்டி வைத்து, ஒட்டி நின்றால் செல்வம் வரும் என்பது ஒரு நம்பிக்கை. ஜனங்கள் எட்டு லிங்கங்களில் மற்ற ஏழையும் சேர்த்துச் செலவிடும் நேரத்தை இந்த ஒரு லிங்கத்திடம் செலவிடுகிறார்கள். காலத்தின் கோலம்! அடுத்தாற்போல் இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்து, குறுகலான வழியில் நுழைந்து வெளியே வர வேண்டும். பருத்த சரீரக்காரர்கள் பாதியில் மாட்டிக்கொண்டு திணறுவதும், பின்னாலிருப்பவர்கள் யோசனை சொல்லுவதுமாக அங்கே கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஆனால் இத்தனை ஜனங்களும் போன பிறகு பாதையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. தண்ணீர்ப் பாட்டில்கள், பாக்கு மட்டைத் தட்டுகள், பிளாஸ்டிக் பைகள். விடியற்காலையில் துடைப்பமும் வண்டியுமாகத் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களும் ஒரு வகையில் மலை வலம் வருகிறவர்கள்தாம்; குனிந்தபடியே வருகிறார்கள். புண்ணியத்தைத் தேடி வந்தவர்கள் குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போவது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

மலையும் பொறுத்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்க முடியாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண் சரிந்தது. பாறையும் சேறும் ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து, 13-ஆம் தேதி கார்த்திகை தீபம். அந்த வருஷம் பக்தர்கள் யாரையும் மலைமேல் ஏற அனுமதிக்கவில்லை. தீபம் ஏற்றுவோரும் கோயில் ஊழியரும் மட்டுமே கொப்பரையையும் நெய்யையும் கொண்டுபோனார்கள். கீழே வழக்கம்போல் ஜனங்கள் மலையைச் சுற்றினார்கள்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் பிறரைக் குறை சொல்லும் தைரியம் கிடையாது. தங்கள் பாலாற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். டேனரிக் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிக் கிணறுகள் கெட்டுப் போனதை வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் கொண்டுபோயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத டேனரி நடக்கக் கூடாது, கெடுத்தவர்களே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே கோர்ட்டு பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட இருபத்தெட்டு வருஷத்தில் காரியம் எந்த அழகில் நடந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் அகப்பட்டு மாண்டார்கள். வருண லிங்கத்தின் முன்னால் நின்று இந்தப் பகுதிப் பெண்கள் மழைக்கும் நல்ல தண்ணீருக்கும் வேண்டிக்கொள்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

விடியற்காலை பஸ்

ஈசான்ய லிங்கத்தைத் தாண்டினால் மறுபடியும் நகரம். மூன்றரை, நாலு மணி இருக்கும். பெரிய கோபுரத்துக்கு முன்னால் நின்று கர்ப்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, தெருவோரத் திண்ணைகளில் கால் நீட்டிச் சாய்கிறார்கள். சந்திரன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். பாதத்தில் கொப்புளம் எங்கே என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். முதல் முறை வந்த பெண்ணுக்குக் குதிகாலில் இருக்கும். ஏழெட்டுப் பௌர்ணமி நடந்தவளுக்கு ஒன்றும் இருக்காது.

எதற்காக வருகிறார்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பையனுக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம், கடன் அடைய வேண்டும், குடிக்கிற புருஷன் திருந்த வேண்டும். ஆனால் வேண்டுதல் நிறைவேறிய பின்பும் வருவதை நிறுத்தாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கேட்டால் சிரித்துவிட்டு, நடந்தால் மனசு லேசாயிருக்கிறது என்று மட்டும் சொல்லுவார்கள். வீட்டு வேலையும் கம்பெனி வேலையுமாகக் கழியும் மாதத்தில், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஒரு ராத்திரி முழுவதும் வெளியே இருக்கலாம், நாலு சினேகிதிகளோடு பேசிக்கொண்டே நடக்கலாம் என்பதும் அதில் அடக்கம். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அந்த அனுமதி வீட்டில் கிடைக்காது. அண்ணாமலையார் பெயரைச் சொன்னால் மாமியாரும் தடுப்பதில்லை!

வேலூர் பஸ் நாலரைக்குப் புறப்படுகிறது. போளூர் வருவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். கண்ணமங்கலத்தில் வெளிச்சம் வருகிறது. வேலூரில் மாறி, ஆம்பூர் வந்து சேர ஏழரை ஆகிவிடும். குளிக்கப் போனால் வேன் போய்விடும். பஸ் நிலையத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, பைக்குள்ளிருந்து துணியைப் பிரித்துச் செருப்பை எடுக்கிறார்கள். வீங்கிய காலில் அது நுழைய மறுக்கிறது.

"வார் இறுக்கமா இருக்கு அக்கா."

"ஒரு ஓட்டை தள்ளிப் போடு. மத்தியானத்துக்குள்ள வீக்கம் வடிஞ்சிடும்."

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது.